பிச்சுமணியின் மூச்சு விரதம்

கரமனை அக்ரஹாரத்து பிச்சுமணி, 1998 ஆடி மாத ஏகாதசியன்று காலைக் காப்பியைக் குடித்துவிட்டு மூச்சு விடுவதை நிறுத்தினார். தெருவில் மற்றவர்கள் அன்று அரிசியை மட்டும்தான் விட்டிருந்தார்கள்.

காரணம் மகள் ராஜஸ்ரீ. ஆராய்ச்சிக்கூடத்தில் டிஎன்ஏவோடு மாரடிப்பவள். குடல் புற்றில் போன பெரியப்பா சாம்பசிவத்தைப் பற்றி அப்பா கேட்டபோது, சாப்பிட்டுக்கொண்டே உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். உடம்பின் எழுத்துகள் நான்கு. அதில் ஜி, எப்போதும் சி-யோடுதான் ஜோடி சேரும். இழுக்கிற மூச்சில் கொஞ்சம் ஆக்சிஜன் வழிதவறிப் போய் ஜி-யைக் கடித்துவிட்டால், அது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏ-யின் கையைப் பிடிக்கும். நகலெடுக்கிற என்சைம், கை கோத்துவிட்டார்களே என்று ஆசீர்வதித்து அனுப்பிவிடும். அடுத்த நகலில் அந்த ஏ, தன் முறைமாப்பிள்ளை டி-யைக் கூப்பிடும். ஜி இருந்த இடத்தில் டி சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதுவே அசல். இப்படிச் சில பிழைகள் சேர்ந்தால் புற்று. பிழைதிருத்தவும் என்சைம்கள் உண்டு, பெரும்பாலும் சரிசெய்துவிடும் என்றும் சொன்னாள். அதை அவர் காதில் வாங்கவில்லை. பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு ரிப்பேர் வேலையில் நம்பிக்கை கிடையாது.

செத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சாகவில்லை. பேச்சு மட்டும் நின்றது. அதை மனைவி வாலாம்பாள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. வழக்கம்போல பஸ்ஸில் கிழக்கேகோட்டை போய் வந்தார். நகம் வளரவில்லை, நரை கூடவில்லை. ஆனால் தேங்காய் துருவும்போது விரலில் பட்ட வெட்டு, வருஷம் திரும்பியும் ஆறவில்லை. மூச்சோடு நகலெடுப்பதும் நின்றுபோயிருந்தது; நகலெடுக்காத உடம்பில் பிழை வராது, புண்ணும் ஆறாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ராஜஸ்ரீ, அப்பாவைத் தன் வாயாலேயே பொம்மையாக்கிவிட்டோமே என்று அழுதாள், கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

2001இல் ராஜஸ்ரீக்குப் பெண் பிறந்தது. குழந்தையின் உச்சந்தலை பழுத்த பலாவாக மணத்தது. இரண்டு வம்சத்திலும் கேள்விப்படாத மணம். என்றோ யாரோ இழுத்த மூச்சில் கடிபட்டு, திருத்தத்துக்குத் தப்பிய ஓர் எழுத்து என்று அவளுக்குத் தெரிந்தது. தெருவே வந்து முகர்ந்தது. சுளை கெட்டியான வரிக்கையா, கொழகொழத்த கூழனா என்று இரண்டு கட்சியானது. பால்கார அம்மிணி கூழன் என்று சத்தியம் செய்தாள். வாசலில் நின்றபடியே உள்ளே பழுப்பது எந்தப் பலா என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் ஊரில். அவர் மூக்கு சும்மா கிடந்தது.

ராஜஸ்ரீ குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

"அப்பா, இதுவும் ஒரு தப்புதான். இந்தத் தப்ப மோந்து பாக்க மாட்டேளா?"

பிச்சுமணி குனிந்தார். விலா எலும்புகள் பழைய கதவாகக் கிறீச்சிட, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். உள்ளே எங்கேயோ ஒரு ஜி கடிபட்டிருக்கும்.

"வரிக்க," என்றார். "அம்மிணிக்கு மூக்கே இல்ல, கேட்டோ."

விரல் காயம் அந்த வாரமே ஆறத் தொடங்கியது. பேச்சு திரும்பியதை வாலாம்பாள் பொறுத்துக்கொண்டாள். பலாக் காலத்தில் ஈ மொய்க்காமலிருக்க, குழந்தைக்குத் தொப்பி போட்டுவிட்டார்கள்.