சார்ஜன் எடுத்துக்கொண்ட தீப்பெட்டி

வகுப்பு மேசைமேல் பாடத்துக்கான சாமான்களைக் கடை விரித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பத்திநாதன் மாஸ்டர் அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தார். பயறு ஒரு பொட்டலம், உப்பு, முட்டை, போத்தலில் மண்ணெண்ணெய், கொஞ்சம் கருவாடு. இவற்றுக்கு நடுவே, யானைப் படம் போட்ட சிவகாசித் தீப்பெட்டி, இந்திய வரிச்சீட்டு பாதி கிழிந்து தொங்க, தன்னையும் விலை கேட்கட்டும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. இலங்கை மலைநாட்டு அட்டன் கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றினாலும் அந்தப் பெட்டி கிடைக்காது. கடல் தாண்டி வந்தவன் மடியில்தான் கிடைக்கும்.

அப்படி வந்தவன் அவருடைய மச்சான், மனைவி மரியநாயகியின் அண்ணன் அலோசியஸ். ஊரில் மழை பொய்த்து, மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் மலையேறி வந்தவன், மாஸ்டரின் தோட்டத்து வீட்டில் உள்ளறையிலேயே கிடக்கிறான். கள்ளத்தோணி என்று பிடிபட்டால் அவனுக்கு மறியல் சிறை, அப்புறம் ஊருக்குத் திருப்பியனுப்பும் கப்பல். இடம் கொடுத்தவருக்கு வேலை போகும். விசாரணையில் கிடக்கும் அவருடைய பிரஜாவுரிமை மனுவும் கூடவே போகும். அதனால்தான் அவன் வந்த அன்றே சோப்பு, பீடிக்கட்டு, கரை வேட்டி என்று அக்கரை வாசனை அடித்த எல்லாவற்றையும் மாஸ்டர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். கொளுத்தப் பயன்பட்ட அவனுடைய தீப்பெட்டியை மட்டும் பத்திரமாக அடுப்படித் தட்டில் வைத்தார். இன்றைக்கு அந்தத் தட்டில் இருந்ததையெல்லாம் தன் கையாலேயே பைக்குள் வழித்துக்கொண்டும் வந்திருக்கிறார்.

புடவைக்கடை மாடியில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு அது. வந்திருந்தவர்கள் அரிச்சுவடிக்காரர்கள் இல்லை; பரீட்சை எழுதிப் பதவி ஏற நினைக்கிறவர்கள். பேப்பர் படிப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். 'மெனி', 'மச்', 'ஃப்யூ', 'எ ஃப்யூ' என்று அளவு சொல்லும் இடம் வந்தால் மட்டும் வழுக்குவார்கள். கருவாட்டுக்கடைக்காரர் மகனான மாஸ்டர், வியாபாரம் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

"எத்தனை முட்டைன்னு கேப்பீங்க, எவ்வளவு எண்ணெய்ன்னு கேப்பீங்க. அதே 'மெனி', 'மச்'சுதான்" என்றார். குரல் எங்கோ இருந்து வருவதுபோல் அவருக்கே கேட்டது. "மூணு கருவாடு இருக்கு. வாங்க வந்தவன்கிட்ட 'கொஞ்சம் இருக்கு'ம்போம், அது 'எ ஃப்யூ'. சோதனை போட ஆபீசர் வந்தா 'கொஞ்சந்தாங்க இருக்கு'ம்போம். அது 'ஃப்யூ'."

எல்லாரும் சிரித்தார்கள். முன் வரிசையில் சார்ஜன் குணதிலகவும் சிரித்தார். இன்ஸ்பெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற போலீஸ்காரர், நல்ல மாணவர். சிரித்துக்கொண்டே சிகரெட்டை உதட்டில் வைத்தார், மேசைக்குக் கையை நீட்டினார், யானையை எடுத்தார். உரசினார். பெட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

புகைக்கிறவன் கைக்கு ஊர்த் தீப்பெட்டியெல்லாம் சொந்தம்தான். அந்தப் பழக்கமா, போலீஸ் பழக்கமா? மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. எந்தச் சாமான் வேண்டுமோ அதைப் பார்க்காமல் பக்கத்துச் சாமானை விலை கேட்கும் கடைவீதி வித்தை அவருக்குத் தெரியும். முட்டையைப் பேசினார். மண்ணெண்ணெயைப் பேசினார். உப்புக்குக்கூட வந்தார். கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல் இங்கிலீஷில், "சார்ஜன் கொஞ்சம் தீக்குச்சி எடுத்தார். எத்தனை?" என்றார்.

"எ ஃப்யூ" என்றார் சார்ஜன்.

"அப்ப பெட்டிய மேசையில வச்சிருங்க. மத்தவங்களும் வாங்கணுமே."

சார்ஜன் பையைத் தட்டிக்கொண்டார். எடுக்கவில்லை. புகையை விட்டுவிட்டு ஒவ்வொரு சொல்லாக அடுக்கினார்: "ஹேவ் யூ எனி மோர் அட் ஹோம், மாஸ்டர்?" வீட்டில் இன்னும் இருக்கிறதா?

பிழையே இல்லாத வாக்கியம். வகுப்பு கைதட்டியது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நல்லமுத்து எழுந்தே நின்றுவிட்டார். "அடி சக்க! 'எனி'ய எங்க வைக்கிறதுன்னு நான் ஆறு மாசமா முழிக்கிறேன், சார்ஜன் கொண்டாந்து ஆணி அடிச்ச மாதிரி வச்சிட்டாருங்களே!"

"நோ" என்றார் மாஸ்டர்.

"அது செல்லாதுங்க மாஸ்டர்! எங்கள மட்டும் முழு வாக்கியமா சொல்லச் சொல்லி உசுர வாங்குறீங்க. நீங்களும் முழுசா சொல்லுங்க" என்றார் நல்லமுத்து.

சார்ஜன் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்டர் வாயைத் திறந்தார். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த வாக்கியம், பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு வர மறுத்தது. "ஐ ஹேவ் நாட்... எனி" என்றார்.

சார்ஜன் அதை எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு மாஸ்டர் படியிறங்கினால், கீழே குடை விரித்தபடி சார்ஜன்.

"வாங்க மாஸ்டர். வீடு வரைக்கும் வாறேன்."

"ஐயோ, வேணாங்க மாத்தயா. எனக்குப் பழகின மழை." சிங்களத்தில் 'ஐயா' போட்டே மறுத்தார்.

"நமக்கு இன்னைக்கு டியூட்டி இல்ல. வாங்க, வாங்க."

அட்டன் மழையில் நீட்டிய குடையை வேண்டாம் என்று எவன் சொல்வான்? சொன்னால் ஏன் என்று கேட்கத் தோன்றாதா? மாஸ்டர் குடைக்குள் போனார். ஏற்றம் முழுக்க சார்ஜன் மகளின் படிப்பைப் பற்றி, இன்ஸ்பெக்டர் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். வளைவுக்கு வளைவு 'இதோடு திரும்பிவிடுவார்' என்று மாஸ்டர் நினைத்தார். வளைவுகள் தீர்ந்தன. உரக்கப் பேசினால் வீட்டில் கேட்டு உஷாராவார்கள் என்று, "உங்க மகளுக்கு எத்தனை வயசு?" என்று கத்தினார்.

"மெல்லப் பேசுங்க மாஸ்டர். பக்கத்திலதானே இருக்கேன்."

தேயிலைக்கு மேலே, மழை அப்போதுதான் ஏறியிருந்த மேட்டில் வீடு தெரிந்தது. மரியநாயகி முக்காடு போட்டுக்கொண்டு கொடியிலிருந்த துணியை அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள். உருவியதை வாசல் பக்கம் நீட்டினாள். உள்ளேயிருந்து மயிரடர்ந்த, கனத்த ஆண் கை ஒன்று, முழங்கை வரை வெளியே வந்து, அதை வாங்கிக்கொண்டது. மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் வந்தது.

சார்ஜன் நின்றார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குடைத்துணியில் மழை அடிக்கும் சத்தம் தலைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

"மாஸ்டருக்கு நனையுது" என்றார் சார்ஜன்.

குடையை மெல்ல முன்பக்கம் சாய்த்தார். கொடி மறைந்தது, மரியநாயகி மறைந்தாள், வாசல் மறைந்தது. குடையின் கறுப்பு விளிம்புக்குக் கீழே சேற்றுப் பாதையும், அதில் அடுத்தடுத்து நின்ற இரண்டு ஜோடிச் சப்பாத்துக் கால்களும் மட்டும் தெரிந்தன. எந்த ஜோடியும் நகரவில்லை.