கடைசியாகச் சேர்த்த மாத்திரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவர்கள் கூட்டத்தில் கிடைத்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் காரில் வீட்டில் விடுகிறேன் என்று என் டாக்டர் தோழி சொன்னாள். அதுவரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருந்தவர் கேட்டார்: "வயசானவர் புதுசா ஒரு தொந்தரவு சொல்றார். அது புது வியாதியா, நீங்க கடைசியா குடுத்த மாத்திரையா?" அரங்கம் சட்டென்று அடங்கிப்போனது. குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு அந்த அமைதி போதும்.

2

மழை பெய்த அந்த மாலையில், டாக்டர் மருமகள் தன் –

(வேண்டாம். என் கதைகளில் ஏற்கெனவே நிறைய மழை.)

மாமனார் குளியலறையில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மகன் ஆடிப்போய்விட்டான்.

"இனிமே மாடி ரூமே கிடையாது. அப்பா கீழதான்" என்று கட்டிலை இறக்க ஆள் கூப்பிடப் போனான்.

மாடி ஜன்னலுக்கு எதிரே மைதானம். அங்கே பந்து விளையாடுகிறவர்களுக்கு உரக்க யோசனை சொல்லாவிட்டால் மாமனாருக்குப் பொழுது விடியாது. அவர்கள் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

3

மருமகள் அவரைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தாள். பிறகு நிற்கவைத்துப் பார்த்தாள். (ஆஸ்பத்திரியில் தவறாமல் செய்கிறவர்கள்கூட சொந்த வீட்டில் இந்த இரண்டாவதை மறந்துவிடுவார்களாம். தோழி சொன்னது.) நின்றதும் பிரஷர் மளமளவென்று இறங்கியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"தலை சுத்துதா மாமா?"

"லேசா."

"எப்பலேர்ந்து?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அங்க பாரு, கோல் போடத் தெரியாதவனையெல்லாம் முன்னாடி நிக்க வச்சிருக்கான்..."

"மாமா!"

"கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை குடுத்தியே. அதுலேர்ந்து."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. பிரஷருக்கு அவள் எழுதிய மாத்திரையில் கால் வீங்கியிருக்கிறது. அதைப் புது வியாதி என்று எண்ணி, வீக்கம் வடிய இன்னொரு மாத்திரை எழுதியிருக்கிறாள். உடம்பில் நீர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றியிருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"நீ எழுதினதாச்சே. குறை சொன்ன மாதிரி ஆயிடாதா? வெளி டாக்டரா இருந்தா அன்னிக்கே சண்டைக்குப் போயிருப்பேன்."

4

(முதலில் இதை வேறொரு டாக்டர் எழுதிய மாத்திரை என்றுதான் வைத்தேன். மருமகள் கண்டுபிடிப்பாள், வீடே மெச்சும். படிக்க சுகமாக இருந்தது. ஆனால் மாமனார் வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணமே இல்லாமல் போனது. பாசம்தான் அவரைக் கீழே தள்ளியது என்று புரிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.)

5

"அவன் வந்தா வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

"அப்படிச் சொன்னா மாடி போயிடும் மாமா. மாத்திரையை மாத்தினா சுத்தல் நின்னுடும். நீங்க இங்கயே இருக்கலாம்."

"மாத்தினா ஏன்னு கேப்பான். உன் மேல நம்பிக்கை போயிடும். கீழயும் ஜன்னல் இருக்கும்மா."

கீழ் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இருவருக்கும் தெரியும்.

படியில் காலடிச் சத்தம். கணவனும் இரண்டு ஆட்களும் வந்து கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினார்கள்.

6

எனக்குக் கைவந்த முடிவு: அவள் அழுவாள், அவன் கண்ணைத் துடைப்பான், மாமனார் செருமுவார். இன்னொன்று: மாமனார் முந்திக்கொண்டு பொய் சொல்ல, அவள் பேசாமல் இருந்துவிடுவாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஆனால் அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"கட்டிலை அங்கயே வைங்க" என்றாள். "அப்பா வழுக்கி விழலங்க. நான் குடுத்த மாத்திரைதான் தள்ளிவிட்டுடுச்சு."

அவன் அவளைப் பார்த்து –

(இந்த வரியை நீங்கள் முடியுங்கள். உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.)

என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: கட்டில் தரையில் இறங்கிய சத்தம். அது அடங்குவதற்குள், ஜன்னலோர நாற்காலியிலிருந்து ஒரு குரல்: "டேய், பந்தை அவனுக்குக் குடுடா!"