பிள்ளைகள்: 1

“யாராவது கேட்டா ஒரே பிள்ளைன்னு சொல்லிடு. வேற ஒண்ணும் பேச வேணாம்” என்றார் இஸ்திரிக்காரர், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

சான்றிதழ்களை உறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அப்போ அக்கா?”

“மெதுவாப் பேசு.” சன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசத் தன் வீட்டுக்குள்ளேயே பயப்பட வேண்டியிருக்கிறது. இதைவிடக் கேடு என்ன வேண்டும்?

மூத்தவள் நர்ஸ். வேற்றுச் சாதிக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டவள். இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு அப்படி ஒருத்தி இருப்பதையே அவர் யாரிடமும் சொல்லவில்லை. இளையவளின் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டியது என்னவோ அந்த மூத்தவள்தான்; கல்லூரிப் பணம் அவள் சம்பளத்துக்கு எட்டாது.

இளையவளுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். உதவித்தொகை கேட்டு அவள் ஏறி இறங்காத படி இல்லை. அரசாங்க உதவிக்குத் தேதி முடிந்திருந்தது. வங்கியில் ஜாமீன் கேட்டார்கள். கல்லூரிச் சலுகையோ இரண்டாம் வருஷத்திலிருந்துதானாம்; முதல் வருஷம் காற்றைக் குடித்துப் படிக்க வேண்டும் போலிருக்கிறது. மிச்சம் இருந்தது சாதிச் சங்கத்தின் அறக்கட்டளை. கலப்புக் கல்யாணம் நடந்த வீட்டுக்கு உதவி கிடையாது என்று அதன் விண்ணப்பத்தில் எங்கும் அச்சடிக்கவில்லை. அச்சடிக்காமலே எல்லாருக்கும் தெரியும்.

‘பிள்ளைகள்: 1’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

சங்கக் கட்டடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் செயலாளரும் பொருளாளரும். அவர் சட்டையில் தோள்பட்டைப் பக்கம் இஸ்திரி சரியில்லை என்பதுகூட இஸ்திரிக்காரரின் கண்ணில் பட்டது. பயத்தில் இருக்கும் மனசு எதையெல்லாம் பார்க்கிறது!

மதிப்பெண்ணைப் புகழ்ந்தார்கள். அப்புறம் தலைவர் விண்ணப்பத்தில் விரலை வைத்தார். “வீட்டுக்கு ஒரே பொண்ணாம்மா?”

உளறிவிடுவாளோ என்று இஸ்திரிக்காரர் மகளின் பக்கம் திரும்பினார்.

“ஆமாங்க. நான் ஒருத்திதான்.”

குரல் நடுங்கவில்லை. கண்ணும் தாழவில்லை. அவர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டதும்தான் அவருக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. நாளைக்குக் கோர்ட்டில் நின்று நியாயம் கேட்கப் போகிறவள், முதல் பொய்ச் சாட்சியை அப்பனிடமே கற்றுக்கொண்டு போகிறாள். தூக்கி வளர்த்த அக்காளை ஒரு வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டாள். அடப்பாவி, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்தார்.

“ஐயா, அந்த ஃபாரத்தைக் கொஞ்சம் குடுங்க. அதுல ஒரு தப்பு இருக்கு.”

ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். பழைய ஊரிலும் இங்கேயுமாக இருபது வருஷம் கோர்ட்டு வாசலில் வக்கீல்களின் கறுப்புக் கோட்டுக்குப் பெட்டி போடுகிறவர். பேச்சுவாக்கில் காதில் விழுந்த சட்டம் கொஞ்சமா? திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

“பெரியவ நர்ஸா இருக்கா. வேற சாதியில கட்டியிருக்கா. சின்னவமேல தப்பில்ல, பொய் சொல்லச் சொன்னது நான்தான்.”

“அப்பா” என்றாள் மகள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இப்பிடி இருந்தா நாங்க உதவி பண்ண முடியாதுன்னு உங்களுக்கே தெரியுமே.”

“தெரியுங்க.” “அதை எழுதிக் குடுத்துடுங்க. இந்தக் காரணத்தால இந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க போயிடறோம்.”

விண்ணப்பத்தை மேசையில் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளருக்குத் திடீரென்று தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் நாளைக்குக் கோர்ட்டு ஏறும்; பேனாவின் பக்கம் ஒரு கையும் வரவில்லை.

“ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றோமே” என்றார் தலைவர்.

“வெள்ளிக்கிழமை கடைசி நாளுங்க. நாங்க இங்கேயே இருக்கோம்.”

மகளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அக்காவுக்குப் போன் போடு. நாம சங்கத்துலதான் உட்கார்ந்திருக்கோம்னு சொல்லு” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.