ஷாகிராவின் ஐந்து லிட்டர் குக்கர்

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய வருஷத்தில்தான் ஆதம்பாக்கத்தின் கடைசி மூன்று தெருக்காரர்கள் விமானச் சத்தத்தைக் குக்கரில் பிடித்து மூடி வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் பிடித்தவர் பாத்திரக்கடை இசக்கியம்மாள். கழுவிய குக்கரை அவர் மூடிக்கொண்டிருந்தபோது மொட்டை மாடியை உரசுகிற மாதிரி ஒரு விமானம் போனது. மூடியைத் திருகியதும் சத்தம் பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் பருப்பு போடத் திறந்தபோது மிச்ச விமானம் வெளியே வந்து, சுவரிலிருந்த காலண்டரைக் கிழித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனது. இட்லிப் பானையில் சத்தம் நிற்காது, எவர்சில்வர் தூக்கில் அரை நாள் நிற்கும், கேஸ்கட் மட்டும் புதிதாக இருந்தால் குக்கரில் எத்தனை காலம் வேண்டுமானாலும் கிடக்கும் என்பதையெல்லாம் அந்த அம்மாளே சோதித்துச் சொன்னார். அந்த மாதம் அவர் கடையில் கேஸ்கட்டுக்குத் தட்டுப்பாடு.

பொழுதுபோகாமல் யாரும் இதைச் செய்யவில்லை. விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள், நீட்டினால் விமானங்கள் இன்னும் தாழ்ந்து வரும் என்று பேச்சு. ஏற்கெனவே ஒவ்வொரு விமானத்துக்கும் ஜன்னலைச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து அந்தத் தெருக்களில் கீல்களெல்லாம் தேய்ந்து போயிருந்தன. மனுக் கொடுத்தார்கள். சத்தத்தை அளக்க ஆளும் வந்தது. ஆனால் கருவியைக் கொண்டுவந்து வைத்தது புயலுக்காக விமானங்களையெல்லாம் நிறுத்தி வைத்திருந்த நாளில். சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, காற்றுதான் கொஞ்சம் அதிகம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெயராம், கருவியை நம்பிப் பிரயோஜனமில்லை, சத்தத்தையே தூக்கிக்கொண்டு போய்க் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் திறந்து வைப்போம் என்றார். ஜெயராம் சொன்னால் அந்தத் தெருக்களில் மறுபேச்சு கிடையாது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெருவெள்ளத்தில் தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது முதல் படகை வரவழைத்தவர். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சத்தம் பிடித்தார்கள். மேலே சாக்பீஸால் எந்த ஊர் விமானம் என்று எழுதி வைத்தார்கள்.

மூன்றாவது தெரு ஷரஃபுதீனுக்குப் பாண்டி பஜாரில் சூட்கேஸுக்கு ஜிப் மாற்றும் கடை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களின் பெட்டியெல்லாம் அவர் கைபட்டுத்தான் போனது. அவர் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. அதிகம் பேசுகிற மனிதரும் இல்லை. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியவர், ஒரு மத்தியானம் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். அன்று அவர்கள் வீட்டு முறை. மனைவி ஷாகிரா குக்கரைத் திறந்து கையில் வைத்திருந்தாள். விமானம் தலைக்கு மேல் வந்த நேரத்தில் ஷரஃபுதீன் அவளைப் பார்த்து என்னவோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பழகிய கை மூடியைத் திருகிவிட்டது. திருகிவிட்டுத் திரும்பினால் மனிதர் போய்விட்டிருந்தார். அவர் கையைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் குக்கர் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேனே என்று அவள் அழுத அழுகை அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்துக் கபர்ஸ்தான் வரைக்கும் ஜெயராம் நடந்தார். அன்று அவர் அழுதது நிஜமான அழுகை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஐந்து லிட்டர் குக்கரை ஷாகிரா திறக்கவில்லை. உடனே திறந்தால் விமானம் மறுபடியும் அவர் குரலை முழுங்கிவிடும் என்று இசக்கியம்மாள் தடுத்தார். "ஆடாம அசையாம ஒரு வருஷம் வச்சிரு தாயி. பிளேன் சத்தத்துக்கு கனம் கிடையாது, அதுபாட்டுக்கு மேல அடங்கிரும். மனுஷன் குரலு கனம்லா, அது அடியில தெளிஞ்சு நிக்கும்." ஷரஃபுதீன் கடைசியாகக் கலிமாதான் சொல்லியிருப்பார் என்றாள் நாத்தனார் ஜுவேரியா. கடைச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லியிருப்பார் என்றார்கள் சிலர். ஷாகிராவுக்கு வேறு ஆசை. இத்தனை வருஷத்தில் அவர் வாய் திறந்து சொல்லாத ஏதோ ஒன்றைத் தன்னிடம் சொல்லியிருப்பார் என்று நம்பினாள். குக்கரை அவருடைய சட்டைகளுக்கு நடுவில் பீரோவில் வைத்து, அதை நினைத்துக்கொண்டே ஜிப் கடையைத் தானே நடத்தினாள்.

வருஷம் முடியும் முன்பே கூட்டத்துக்குத் தேதி வந்தது. ஜெயராம் அவள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "மத்ததெல்லாம் வெறும் சத்தம்மா. உன் குக்கர்லதான் ஒரு மனுஷன் இருக்கான். அதைக் கேட்டப்புறம் எவனுக்கும் கையெழுத்துப் போட மனசு வராது. உன் முன்னாடிதான் தொறப்போம், என் பசங்க மேல சத்தியம்" என்றார். ஷாகிரா யோசித்தாள். அவர் தோள் கொடுத்ததை நினைத்தாள். புர்கா நுனியால் மூடியைத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாளே ஜெயராம் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்த குக்கர்களை மேடையில் அடுக்கியிருந்தார்கள். அதிகாரிகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். முதல் குக்கரைத் திறந்ததும் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாவதில் காக்கா கத்தியது. மூன்றாவதிலிருந்து ஒரு கண்டக்டர், "கோட்டூர்புரம்லாம் எறங்கு, எறங்கு" என்று விசில் ஊதினார். திறக்கத் திறக்க ஆட்டோவும் ஸ்கூட்டரும் சுண்டல்காரனும்தான் வந்தார்கள், ஒரு விமானம்கூட வரவில்லை. காலியான குக்கரைச் சும்மா மூட முடியாது, மூடுகிற இடத்தில் என்ன சத்தம் இருக்கிறதோ அது உள்ளே ஏறிக்கொள்ளும் என்பது அந்தத் தெருக்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெயராமுக்கும் தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டார். கடைசியாக ஷாகிராவின் ஐந்து லிட்டர் குக்கர். அவள் மேடை ஓரமாக வந்து காதை நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து, போனில் யாரிடமோ பேசுகிற ஜெயராமின் குரல் தெளிவாக வந்தது. "ஆச்சு சார். பாலத்து மேலதான் நிக்கறேன். எல்லாத்தையும் ஆத்துல கொட்டிட்டேன். ஒண்ணு பாக்கி இல்லை."

முன்வரிசையில் இருந்த ஜெயராம் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் சாதாரண டிராஃபிக் சத்தம்தானே" என்று சொல்லி அதிகாரிகள் பஞ்சை எடுத்துப் போட்டார்கள். இசக்கியம்மாள் வாசல் மண்ணை வாரி வந்து மேடைக்கு முன்னால் தூற்றினார். ஷாகிரா குக்கரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கழுவாமல் கவிழ்த்து வைத்தாள். எதிரி கெடுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஜனாஸாவைத் தாங்கிய தோளே இப்படிச் செய்ததை அந்தத் தெருக்கள் இன்றுவரை பொறுக்கவில்லை.

அடுத்த வருஷமே ஓடுபாதையை நீட்டினார்கள். விமானங்கள் சக்கரம் தெரியத் தாழ்ந்து வந்தன. ஜெயராமுக்கு ஒலிக் கண்காணிப்புக் குழுவில் உறுப்பினர் பதவியும், பெயர் போட்ட ஒரு பலகையும் கிடைத்தன. கோட்டூர்புரத்தில் ஆற்றைப் பார்த்த மாதிரி அவர் முன்பே வீடு வாங்கியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே குடிபோன நாளிலிருந்து, மேகம்கூட இல்லாத வானத்தில் விமானங்கள் உறுமின. கொட்டிய சத்தம் பாலத்தடியிலேயே தங்கிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் கண்காணிப்புக் குழுவுக்குப் புகார் எழுதினார்கள். சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று ஜெயராமே பதில் எழுதினார்.

கடை இருக்கிற டி. நகருக்கு நேர் பஸ் இருந்தும் ஷாகிரா வெள்ளிக்கிழமைகளில் கோட்டூர்புரம் சுற்றிக்கொண்டு போனாள். பாலத்தில் இறங்கிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று கேட்டாள். எல்லார் வீட்டு விமானமும் அங்கே இருந்தது. இசக்கியம்மாள் சொன்னபடியே கனமில்லாத சத்தம் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டு வந்தது. ஒரு நாள் நடைப்பயிற்சிக்கு வந்த ஜெயராம் அவளைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "அம்மா ஷாகிரா, என்னை மன்னி..." என்று ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவரை வாங்க போங்க என்று பேசியவள், தலையைத் திருப்பாமலே, "அந்தாண்ட போ சார். நீ பேசினா கேக்காது" என்றாள். அவர் போனார். அவர் செருப்புச் சத்தமும் போன பிறகு, தண்ணீருக்குப் பக்கத்திலிருந்து ஷரஃபுதீனின் குரல் வந்தது.

"ஷாகிரா, ஜன்னல சாத்து. வந்துகினு கீது."

அவ்வளவுதான். விமானம் வரும்போதெல்லாம் அவர் சொன்னது, கல்யாணமான நாளிலிருந்து சொன்னது. ஷாகிராவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நிற்காமல் அழுகையானது. ஒரு கடைசிச் சொல்லைக்கூட அவருக்கென்று விட்டு வைக்காமல் அந்த விமானங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

கனமான குரல் கொட்டிய இடத்தை விட்டு நகராது. அடையாறிலிருந்து வருகிற பஸ்கள் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொள்கிறார்கள், பாலம் தாண்டியதும் திறந்துகொள்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கண்டக்டர்களும் பழகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மட்டும் ஒரு பெண் எல்லாருக்கும் முன்னால் கண்ணாடியைச் சாத்திவிட்டு, வெளியே ஆற்றைப் பார்த்து, "சாத்திட்டேங்க" என்கிறாள்.