தரையில் விழுந்த நவரை மீன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விருந்தில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடப் பொய், நானே உண்டாக்கியது. எப்படி என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

'ரோம் நகரத்து மாளிகைகளில் வெள்ளித் தட்டுகள் மின்ன...' (சே. இந்த ஊரில் பாதிப்பேர் வீட்டில் அடுப்பே கிடையாது.)

'ஒப்பியஸ் ஏழைதான், ஆனால் மானமுள்ள...' (மானத்தை அவன் பெரியவீட்டு வாசலிலேயே கழற்றிவைத்துவிடுவான்.)

மெழுகு பூசிய பலகையில் எழுதுகிறேன், என் எழுத்தாணியில் மெழுகை அழிக்கிற முனை உடைந்துவிட்டது. தப்பெல்லாம் அப்படியே கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஒப்பியஸ் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவன். தனக்குப் படியளக்கும் பணக்காரர் நுமிசியஸ் ஐயா வீட்டு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மனைவி ஹெல்வியா அவன் தோளில் துண்டைப் போட்டாள். விருந்தாளி தன் துண்டைத் தானே கொண்டுபோக வேண்டும். கை துடைப்பது சாக்கு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருவதுதான் காரியம்.

"இது என்னடி, துண்டா படுதாவா?"

"பெருசா இருந்தாத்தான்யா நெறையப் புடிக்கும். மூணு மாசமாக் கஞ்சியும் கோசும் தின்னு குமட்டுது. நவரை மீன் ஒரே ஒரு கண்டம் கொண்டுவா."

"கடைசிக் கட்டில்ல படுத்துத் திங்கறவனுக்கு நவரையெல்லாம் வராதுடி."

"அப்ப திருடிட்டு வா!"

ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்து, இப்போது மறுபடி சுமப்பவள். முடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

(ஹெல்வியாவைச் சாதுவாகவும் எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.)

3

இடது முழங்கையை ஊன்றி எல்லாரும் கட்டில்களில் படுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நுமிசியஸைப் புகழ்ந்து நாலு வரி பாடியதால் எனக்கு நவரை. அடுத்ததான கடைசிக் கட்டிலில் ஒப்பியஸுக்கு உப்புக்கண்ட மீனும் கொண்டைக்கடலையும்.

"என்னப்பா ஒப்பியஸ், மீன் எப்படி?" என்றார் நுமிசியஸ்.

"அமிர்தமுங்க ஐயா!"

அந்த நேரத்தில் என் கையிலிருந்த நவரைக் கண்டம் நழுவி, அவன் கட்டிலோரம் விழுந்தது. எல்லாரும் அதிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்கள். தானாகத் தரையில் விழுந்த சோறு அந்த வீட்டில் செத்தவர்களுக்கு. உயிரோடிருப்பவன் அதைத் தொடக்கூடாது, தொட்டால் குடும்பத்துக்குக் கேடு.

ஒப்பியஸ் மீனைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அவன் துண்டு நழுவி மீன்மேல் விழுந்தது. துண்டு மேலே போனபோது தரை காலியாக இருந்தது.

4

மீன் நழுவவில்லை. நான்தான் போட்டேன்.

அவன் பசியும் வீட்டுக்கதையும் எனக்குத் தெரியும். தட்டிலிருந்து நேராக எடுத்துக் கொடுத்திருந்தால், ஐயா பரிமாறியது போதாது என்று சபையில் சொன்னதாகிவிடும். மறுவிருந்தில் எனக்கும் உப்புக்கண்டம்தான். வேண்டுமென்றே போட்டது என்று வெளியே வந்ததும் அவன் காதிலாவது சொல்லியிருக்கலாம். (அவன் வாயில் ரகசியம் தங்காது. இது காரணமா, சாக்கா என்று எனக்கே தெரியவில்லை.)

பாவம், செத்தவர்கள் பங்கைத் திருடிவிட்டதாக நினைத்து, வெயில் இறங்குமுன் தலைகுனிந்து வீடு திரும்பினான். நான் பத்தடி பின்னால் போனேன்.

5

முதல் முடிவு: அவள் சாப்பிட்டாள், குண்டுக் குழந்தை பிறந்தது. (மெழுகுக்குக் கேடு.)

இரண்டாவது: வழியில் அவனே தின்றுவிட்டான். (ஹெல்வியா என்னைக் கொன்றுவிடுவாள்.)

மூன்றாவது, நடந்துகொண்டிருப்பது. ஐந்தாம் மாடி. கதவு ஒருக்களித்திருக்கிறது. பலகையும் கையுமாக நான் வெளியே நிற்கிறேன்.

"நவரையா! என் ராசா!" என்று அழுதே விட்டாள். வாய்வரை கொண்டுபோன கை நின்றது. "ஆமா, கடைசிக் கட்டிலுக்கு வராதுன்னியே. யார் தட்டுலேர்ந்து எடுத்த?"

அவன் தரையைப் பார்த்தான்.

உள்ளதைச் சொன்னால் தூக்கி எறிந்துவிட்டுப் பட்டினி கிடப்பாள். பொய் சொன்னால், பிரசவம்வரை அவளுக்கு வயிறு வலிக்கும்போதெல்லாம் இவன் செத்துச் செத்துப் பிழைப்பான்.

"சொல்லுய்யா. தட்டுலேர்ந்தா, தரையிலேர்ந்தா?"

எனக்கு இந்தக் கதவைத் தட்டக் கை எழவில்லை, எழுதத்தான் எழுகிறது. வாசகரே, உங்களுக்கு அந்த வீட்டு விருந்தில் கட்டில் கிடையாது, இழப்பதற்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் தட்டுங்களேன். அவள் இன்னும் கடிக்கவில்லை.