கடைசி டப்பா

மொன்டானா மலைகளில் எல்க் மான் வேட்டை தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, ஆர்லன் புதிதாக வாங்கிய மசகுத் தெளிப்பானை நம்பி மோசம் போனார். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மசகு தடவி எஃகு அச்சுக்குள் அழுத்தினால்தான் அது பழைய அளவுக்கு வரும். பிறகு மறுபடி வெடிமருந்து நிரப்பலாம். தெளித்தது காயும்வரை காத்திருக்கும் பொறுமை அவர் பரம்பரையிலேயே கிடையாது. முதல் கூடே அச்சுக்குள் இறுகிக்கொண்டது. துளைபோட்டுப் பிடுங்குவதற்குள் பாதி நாள் போய்விட்டது.

"நாற்பது வருஷமா என் கைக்களிம்பைத் திருடித்தானே தடவுவீங்க? இப்ப என்ன புது மோகம்?" என்றாள் மனைவி வெல்டா.

"அந்தக் களிம்புக் கம்பெனியைத்தான் மூடிட்டாங்களே."

வெல்டா அலமாரியின் பின்னாலிருந்து, அடியில் கொஞ்சமே களிம்பு மிச்சமிருந்த ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். திறந்ததும் ஆட்டுரோமக் கொழுப்பின் வாசனை வந்தது. கல்யாணமான புதிதில், ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்துவிட்டு வந்து அவள் களிம்பு தடவும்போது வீடெல்லாம் வீசிய அதே வாசனை. அவர் விரல் நுனியில் தொட்டுத் திருடுவதை அப்போது அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள்.

இருபது கூடுகளும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வந்தன. அதற்குப் பிறகுதான் அவள் கையைக் கவனித்தார். விரல் கணுவெல்லாம் வெடித்திருந்தது.

"நீ ஏன் தடவிக்கல?"

"வேட்டைக்கு உங்களுக்கு வேணுமேன்னு வச்சிருந்தேன்."

ஆர்லன் மிச்சத்தை வழித்தெடுத்து அவள் விரல்களில் தேய்க்கத் தொடங்கினார்.

"மெதுவா," என்றாள் வெல்டா. "இது தோட்டா இல்ல."