ஏழாவது பெயர்

சிவகாசி பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. பட்டாசு அருங்காட்சியகம் என்று தடபுடலாகத் திறந்தார்கள். ஆறே மாதத்தில் காக்கா குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தடுப்பூசி போடும் இடம், பிறகு தேர்தல் சாமான் அடைக்கும் இடம். இப்போது கல்யாண மண்டபமாகப் போகிறது. இத்தனைக்கும் நடுவில் அதைப் பெருக்கித் துடைத்துக் கிடந்தவள் நாரணாபுரம் வள்ளித்தாய்.

அந்த வேலையை அவள் கெஞ்சி வாங்கியதே வாசலில் இருக்கும் கருங்கல்லுக்காகத்தான். அருங்காட்சியகம் திறந்த வருஷம் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் செத்த பதினோரு பேரின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. ஏழாவது பெயர் பானுப்பிரியா, வள்ளித்தாயின் மூத்த மகள். அந்தப் பானு மல்லாங்கிணறு ஊரில் புருஷன் பிள்ளையோடு குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். செத்தது இளையவள் எழில்.

அது தீபாவளி சீசன். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த பானுவுக்குக் காய்ச்சல். ஒரு நாள் போகாவிட்டாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் பதினேழு வயது எழிலை, அக்காளின் அடையாள அட்டையைக் கொடுத்து வள்ளித்தாய்தான் அனுப்பினாள். அங்கே பல வீட்டில் நடப்பதுதான். மத்தியானம் வெடித்தது. கேட்டில் வாங்கி வைத்திருந்த அட்டையைத் தவிர ஆளை அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

"வயசு வராத புள்ளைய அனுப்புன கேசு உம்மேலதான் வரும். வாய மூடு" என்றார் போர்மேன் சின்னச்சாமி. மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து பானு தங்கச்சியின் பெயரில், தங்கச்சியின் காகிதங்களில் வாழ்கிறாள். கல்யாணம் ஆனதும் அந்தப் பெயரில்தான்.

மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்த ராஜபாண்டியன் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. செத்தவர்களின் குடும்பங்களை எல்லாம் வரச்சொல்லி பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்திட ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"கல்யாண வாசல்ல இந்தக் கல்லு வேண்டாம்னு நினைக்கேன். தூக்கி எறியவும் மனசு வரல. நாரணாபுரம் விலக்குல, ரோடு பிரியுத எடத்துல, புதுசா வெட்டி வைக்கேன். பேரு தப்பா இருந்தா இப்பமே சொல்லிருங்க."

வள்ளித்தாய் தாளோடு எழுந்தாள். ஆறு வருஷமாக இந்த ஒரு கேள்விக்குத்தானே காத்துக் கிடந்தாள். ஓரமாகப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, கும்பிடுதேன், வாயத் தொறந்துராத" என்று பதறினாள் பானு. "எம்புள்ளைக்கு அம்மா பேரு எழில்னுதான் பதிஞ்சிருக்கு. மாமியா வீட்டுல நான் எழில்தான்."

"அவ பேரு ஒரு கல்லுலகூட இல்லையே தாயி?"

"எனக்குப் பதிலா போனவம்மா அவ. எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா நான் உசுரோட இருக்கேன்ல." சொல்லிவிட்டு அழுதாள்.

வள்ளித்தாய் திரும்பி வந்தாள்.

"என்னம்மா, பேரு சரியா இருக்கா?"

"சரியாத்தான்யா இருக்கு."

பானுப்பிரியாவின் தாய் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டாள். அன்றைக்கு மிரட்டி வாயை அடைத்தார்கள். சபிக்க ஒரு ஆளாவது இருந்தான். இன்றைக்கு யாரும் மிரட்டவில்லை. மாலை மாலையாகக் கண்ணீர் வழிந்தது.

ராஜபாண்டியன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மூத்தவளையே நெனச்சு மருகாதீக. இளையவ நல்லா இருக்காள்ல?"

"ஆமாய்யா" என்றாள் வள்ளித்தாய். "எழில் நல்லா இருக்கா."